குத்துமதிப்பாக

சமாதானபுரத்தில்தான்
குத்துச்சண்டை சொல்லித் தருகிறார்கள்.
டயர் கடைக்கு மேல்மாடி, தகரக் கூரை,
காலை ஐந்தரை.
முதல் நாள் சிரித்துக்கொண்டே படியேறினேன்.
சிரித்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"வயசு?" என்றாள் பியூலா.
"ஐம்பத்திரண்டு."
"முட்டு வலி?"
"இடது."
"வேற எதும்?"
அவள் நோட்டில் இருந்தது ஒரே ஒரு கோடு.
"சுகர் இல்ல" என்றேன்.

அவளுக்கு இருபத்தாறு. என் மகளுக்கு இளையவள்.
எக்கா என்பாள்.
முழங்கை விரிந்துபோனால்
"ஏட்டி" என்று வந்துவிடும்,
நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

இருபத்தெட்டு வருஷம்
தபால் முத்திரை குத்திய கை.
பாளையங்கோட்டை, பேட்டை, மறுபடி பாளையங்கோட்டை,
மை காய்வதற்குள் அடுத்த உறை.
முதல் குத்திலேயே மூட்டை ஒரு முழம் பின்னால் போனது.
"எங்க பழகுனீங்க?"
சொன்னேன். தகரம் அதிரச் சிரித்தாள்.
"ஆனா எக்கா, குத்துன கை
திரும்பி முகத்துக்கு வரணும்.
அங்கனயே விட்டுட்டு நிக்கக் கூடாது."

அங்கேயே விட்டுவிட்டுத்தான் நின்றிருந்தேன்,
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
ஒரு கட்டிலின் இரும்புக் கம்பியில்.

பிரம்மநாயகம் போன பதினேழாம் நாள்
வட்டிக்குக் கொடுத்தவர்கள் வந்தார்கள்,
செருப்பை வெளியே வரிசையாக விட்டு,
துக்கமும் கேட்டு.
மூன்றே முக்கால் லட்சம். குத்துமதிப்பாக.
எதற்கு வாங்கினார்? யாருக்கும் தெரியவில்லை.
"சவத்த விடு ஆவுட" என்றாள் மதினி.
சவத்தை விட்டாயிற்று.
சிந்துபூந்துறையில் சாம்பலும் கரைத்தாயிற்று.
கேள்வியை எந்தத் துறையில் கரைக்க?

எங்கள் வரிசையில்
ஜவுளிக்கடையை மூடிய பால்துரை.
குடியை விட்டு நூற்றுப் பதினாறு நாளான
மின்வாரியத்துச் சேவியர்,
கேட்காமலே எண்ணைச் சொல்லுவார்,
மறுநாள் ஒன்று கூட்டி.
கர்ப்பப்பை எடுத்த கணக்கு டீச்சர் ரஹ்மத்
கைக்குத் துணி சுற்றும்போது மட்டும் பேசுவாள்,
அதுவும் தக்காளி விலை.
யாரும் யாரையும் தேற்றுவதில்லை.
மூன்று நிமிஷம் அடி, ஒரு நிமிஷம் மூச்சு.
இவ்வளவு தெளிவாக
என் நாளில் வேறெதுவும் தொடங்கி முடிவதில்லை.

ஆனிக் காற்றில் கூரை தடதடத்த வாரம்
மூட்டை கிழிந்தது.
"பழந்துணி கொண்டாங்க, அடைச்சுத் தைக்கணும்."
பால்துரை விற்காத லுங்கிகள் கொண்டுவந்தார்,
விலைச்சீட்டோடு.
நான் பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தேன்.
பதினோரு சட்டை.
சட்டைப்பைகளை ஒருதரம் துழாவினேன்:
ஜங்ஷன் பஸ் டிக்கெட் ஒன்று,
பாதி கடித்த பாக்கு.
பதில் எதுவும் இல்லை.
பித்தான்களை மட்டும் கத்தரித்தேன்,
கையைக் கீறும் என்று.

எந்தச் சட்டை எந்த உயரத்தில் இருக்கிறதென்று
தெரியாமல் குத்துகிறேன்.
முதல் குத்து அந்த மூன்றே முக்காலுக்கு.
இரண்டாவது, சொல்லாமல் இருந்ததற்கு.
அதற்கப்புறம் கணக்கில்லை,
வியர்வை கண்ணில் இறங்கிவிட்டது.
மூன்றாம் சுற்றில் மூச்சு முட்ட
இரண்டு கையாலும் மூட்டையைக் கட்டிப் பிடித்தேன்.
களைத்தவர் எதிராளியைப் பிடித்து நிற்கலாம்,
கொஞ்ச நேரம் விட்டுவிடுவார்களாம்.
மணி அடித்தது.
பியூலா ஜன்னலுக்குப் போய்
கீழே டயர் கடைக்காரர் ஷட்டர் தூக்குவதை
வெகுநேரம் பார்த்தாள்.

கடன் இன்னும் இரண்டே கால் இருக்கிறது.
இடது முட்டு அப்படியே.
ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பதும் அப்படியே,
ஆனால் ஐந்தரைக்கு ஒரு இடம் இருக்கிறது.

இன்று கவுண்டரில் ஒரு ரிஜிஸ்டர் தபால்.
தேதியைத் திருப்பி வைத்துக் குத்தினேன்.
கை தானாகத் திரும்பி
தாடைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.
எதிரே நின்றவர் ஒரு அடி பின்னால் போனார்.
"பயப்படாதீங்க," என்றேன்,
"ரசீது தாரேன்."