வருகைப் பதிவு

விருப்பப் பாடம், இரண்டு கிரெடிட்.
யோகா நிரம்பிவிட்டதால்
எனக்குப் பன்னிரண்டு பேர் மிஞ்சினார்கள்.

முதல் வாரம், காட்பாடியில், வகுப்பறையில்
பெஞ்சுகளுக்கு அடியில் தவழவிட்டேன்.
ஹெப்சிபாவின் துப்பட்டா ஆணியில் மாட்டியது.
"குகையில ஆணி இருக்காது மேடம்" என்றாள்.
இருந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்றேன்.

முழங்காலுக்கு, ஆம்பூர் ஷூ கம்பெனியில் கழித்த தோல்,
இம்தியாஸின் அத்தா கொடுத்தனுப்பியது.
தலைக்கு, புது பிளாக் கட்டுகிறவர்களிடம்
கையெழுத்துப் போட்டு வாங்கிய மஞ்சள் ஹெல்மெட்.

நான்காவது சனிக்கிழமை
பஸ் பெருமுகையைத் தாண்டும்போது
தமிழ் இலக்கியம் படிக்கும் பச்சையம்மாள் சொன்னாள்:
முகை என்றால் மொட்டு.
முகை என்றால் குகையும்தான்.
யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும்
பெயர்ப் பட்டியலின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

நம் பக்கத்துக் குகையில்
சுண்ணாம்புத் தூண் ஒன்றும் தொங்காது.
கருங்கல் உருண்டைகள் எப்போதோ சரிந்து
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்றபோது
நடுவில் மூட மறந்த இடம், அவ்வளவுதான்.
வெளியே பாறையில் உள்ளங்கை வைக்க முடியாது.
உள்ளே நாலு முழம் போனால் வௌவால் நாற்றம்,
பிறகு குளிர்.

சொல்லித்தர இருப்பதும் கொஞ்சம்தான்.
ஆளுக்கு மூன்று விளக்கு.
இடுக்கில் மூச்சை விட்டுவிட்டு நுழை,
இழுத்துக்கொண்டு நுழையாதே.
அடிக்கடி திரும்பிப் பார்,
வரும்போது வழிக்கு வேறு முகம்.
தனியாக ஒருநாளும் போகாதே.

உள்ளறையில் எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னேன்.
கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான் என்று
உடம்புக்குப் புரிய ஒரு நிமிடம் ஆகும்.
யாரோ சிரித்தார்கள்.
யாருடைய வயிறோ இரைந்தது.
அந்த இருட்டிலேயே பெயர் கூப்பிட்டேன்.
பன்னிரண்டு "உள்ளேன் மேடம்."

வெளியே வெயிலில் எண்ணினால் பதினொன்று.
ஹெல்மெட்டைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.
தணிகைவேல் இல்லை.
எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

விதியை எழுதிப்போட்ட கைதான்,
கயிற்றைக்கூட எடுக்கவில்லை.
தனியாக உள்ளே ஓடினேன்.
தணிகைவேலு, தணிகைவேலு.
பாறை அந்தப் பெயரைத் திருப்பித் தரவில்லை,
வாங்கி வைத்துக்கொண்டது.
இடுக்கில் மூச்சை இழுத்துக்கொண்டே நுழைந்து
தோள் சிக்கி நின்றேன்.
நகர முடியாதபோது ஒன்று நினைவுக்கு வந்தது:
அவன் முகமே எனக்குச் சரியாகத் தெரியாது.

பின்னாலிருந்து நவ்ஷாத்தின் குரல்,
இந்த முறை அவனுடைய சொந்தக் குரல்.
"வந்துடுங்க மேடம்.
அவன் பஸ்ஸே ஏறல. குடியாத்தத்துல தூங்கறான்.
நான்தான் கொடுத்தேன்."
என் கணுக்காலைப் பிடித்திருந்தான்.
கை நடுங்கிக்கொண்டிருந்தது, அல்லது என் கால்.

தணிகைவேலுக்கு நேரே வரவில்லை என்று போட்டேன்.
நவ்ஷாத் இரண்டு முறை உள்ளே வந்தவன்.
அதற்குப் பட்டியலில் கட்டம் இல்லை.
நுழையும்போது எண்ணாமல் விட்டது நான்.
ஓரத்தில், முகைக்குக் கீழே,
அதையும் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.