உப்பு எடுக்கும் வேலை

ஐப்பசி பிறந்தால்
சாந்தோம் சந்துக்கோயிலில்
பாதிரியாருக்கு வேர்க்கும்.

ஐந்நூறு வருஷமாகக்
கருங்கல்லில் மல்லாந்து கிடக்கிறார்.
மூக்கு மட்டும் சிமெண்ட்,
யாரோ நல்ல மனசோடு வைத்தது.
அதைத்தான் முதலில் பெயர்த்தேன்.
கோயில்பிள்ளை மரியசூசை
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு காகிதக்கூழ்.
வாலைநீரில் பிசைந்து
நெற்றி, அங்கியின் மடிப்பு, ஜெபமாலை, பாதம்,
காய்ச்சல்காரனுக்குப் பத்துப் போடுவதுபோல்
அப்பிவிட்டுக் காத்திருப்பேன்.
காய்ந்து உரியும்போது
உள்ளிருக்கும் உப்பும் கூட வரும்.

மூன்றாம் உரிப்பில் தெரிந்தது:
காதுமடல் தோள்வரை நீளம்.
தலையணை ஓரமெல்லாம் தாமரை இதழ்.
செதுக்கியவன்
படுத்திருக்கும் வெள்ளைக்காரனைப் பார்த்ததில்லை.
படுத்திருக்கும் பெருமாளைப் பார்த்திருக்கிறான்.
என் அறிக்கைப் படிவத்தில்
இதற்குக் கட்டம் இல்லை.

ஏழாம் நாள்
நொச்சிக்குப்பத்து ரொசாரியம்மா,
மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு:
"உரிச்ச தாளுல கொஞ்சம் குடு."
அது அற்புதமில்லைம்மா, வெறும் உப்பு.
கிள்ளி நாக்கில் வைத்தாள்.
"எனக்கா சொல்றே?
எங்க கடலு இது.
இவரு வந்த வழி."
முந்தானையில் முடிந்துகொண்டாள்.

உரித்ததை எல்லாம் எடைபோட வேண்டும், விதி.
முப்பது கிராம் குறைந்தது.
'ஈரப்பத மாறுபாடு' என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

மரியசூசை இப்போதும்
அந்த முகத்தைப் பார்ப்பதில்லை.
பாதத்தை மட்டும் தொட்டு
விரலை முகர்ந்துகொள்கிறார்.

கார்த்திகை மழை
இன்னும் பாக்கி இருக்கிறது.