கணக்கில் வராத இரண்டு திருகு

வாளையாறு சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம்,
எடைமேடையைத் தாண்டி எங்கள் ஆய்வுக்கூடம்.
முன்பு சிமெண்ட் கிடங்கு.
எத்தனை முறை கழுவினாலும்
செருப்படியில் வெள்ளை ஒட்டும்.
ஆடி முழுக்கக் கணவாய்க் காற்று
தகரக் கதவைத் தட்டும்;
எழுந்துபோய்த் திறப்பதற்குள்
கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்திருக்கும்.

எனக்குச் சம்பளம் கை உடைப்பதற்கு.

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்கிறதே,
அந்த ஒற்றை எலும்பு.
அசல் இல்லை. கண்ணாடி நாரும் பிசினும் வார்த்தது,
உள்ளே நுரை.
நகத்தால் சுண்டினால் காய்ந்த சுரைக்குடுக்கைச் சத்தம்.
நடுவில் ஒரு விரற்கடை அறுத்தெடுத்துவிட்டு
இடைவெளியின் மேல் எட்டுத்துளைத் தட்டை வைத்துத்
திருகுகளை முறுக்கி
இயந்திரத்தின் வாயில் கொடுப்பேன்.
அழுத்தும், விடும்.
அழுத்தும், விடும்.
நொடிக்கு இரண்டு.
விடியும்போது எழுபதாயிரத்துச் சொச்சம்.

செங்கோட்டுவேலு வந்தது ஒரு சனிக்கிழமை.
சங்ககிரி லாரி. சாவடி வரிசையில்
சன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு
பீடிக்கு நெருப்புத் தேடியவர்.
எதிரில் வந்த தேங்காய் வண்டி
கண்ணாடியையும் கையையும் சேர்த்து உரசிப் போனது.
கஞ்சிக்கோட்டில் டாக்டர் ரெம்லத் வைத்த தட்டு.
மணிக்கட்டு மட்டும் தொங்கிப்போயிருந்தது,
தண்ணீர் காணாத சேம்பு இலைபோல.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.
"துளை எட்டுங்க. திருகு ஆறுதான்.
நடுவால ரெண்டு காலி.
டாக்டரம்மாவக் கேட்டா,
போய் அந்த மெசினப் பாருங்கறாங்க.
பில்லுல எத்தனன்னு நீங்களாச்சும் சொல்லுங்க."

சொல்லவில்லை. காட்டினேன்.
எட்டும் நிறைத்த தட்டு முதலில்.
ஊசி அசையவே இல்லை. இரும்புத் தூண்.
நாற்பத்தோராயிரத்தில்
கடைசித் திருகின் ஓரமாய் எலும்பு பிளந்தது,
தட்டில் ஒரு கீறல் இல்லை.
"வண்டிக்கு ஒண்ணுமில்ல, ரோடு போச்சு" என்றார்.

அடுத்து நான்காவதும் ஐந்தாவதும் காலி.
இடைவெளி மூச்சு விடுவதுபோல்
மயிரளவு திறந்து மயிரளவு மூடியது.
அந்த மயிரளவு அசைவில்தான்
எலும்பு தன்னைப் பற்றிக் கேள்விப்படும்,
கட்டிக்கொள்ளத் தொடங்கும் என்றேன்.
"பட்ட ஸ்பிரிங்கு மாதிரி," என்றார்,
"குடுக்கோணும், ஆனா விடக்கூடாது."
எங்கள் பேராசிரியருக்கு இதைச் சொல்ல
பதினோரு ஸ்லைடு ஆனது.

அன்றோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும்.
தேநீருக்குப் போய்த் திரும்பினோம்;
இயந்திரம் தானே நின்றிருந்தது.
அறுபத்தோராயிரத்து முந்நூற்றெட்டு.
காலியான நான்காம் துளையின் விளிம்பில்
தலைமுடிபோல் ஒரு விரிசல், தட்டிலேயே.

அவர் தன் மேற்கையை இடக்கையால் மூடிக்கொண்டார்.
"அப்ப, இதுவும் உடையும்."
உடையும், என்றேன்.
வேறென்ன சொல்ல.
என் எலும்பு வார்த்தது, அதற்கு வளரத் தெரியாது;
எத்தனை இரவு கொடுத்தாலும்
அறுத்த இடம் அறுத்த இடமாகவே இருக்கும்.
உங்களுடையது இந்நேரம்
ஏதோ செய்துகொண்டிருக்கும்.
அதைக் குறிக்க எங்கள் படிவத்தில் கட்டமே இல்லை.

அவர் நெடுநேரம் பேசவில்லை.
வெளியே எடைமேடையில் ஒரு வண்டி ஏறி இறங்கியது.
"ஸ்டியரிங்க ஒரு தடவ ஒடிச்சா
உங்க கணக்குல எத்தன?"
அளந்ததில்லை.
நாளைக்கு அளக்கலாமா என்று கேட்டேன்.

திங்களன்று பழைய ஸ்டியரிங் ஒன்றைத்
தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.
நான் வடத்தைக் கோத்துக்கொண்டிருக்கையில்
"கொஞ்சம் இருங்க" என்பதற்காக
வலக்கையைத் தூக்கினார்.
மணிக்கட்டு பாதிவரை வந்தது.
இருவருமே அதைப் பார்த்தோம்.
பிறகு விழுந்தது.

"மறுபடி," என்றேன்.
படிவத்தின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே,
பென்சிலால் ஒன்று என்று எழுதினேன்.