ஒற்றைக் கையுறை

மூன்று குளிர்காலம்
மடத்தில் மெழுகுதிரி ஊற்றினேன்.
தொங்கும் நூல்மேல் உருகிய தேன்மெழுகைச் சாய்த்தபடி
ஒவ்வொரு திரிக்கும் ஒரு முறை கேட்டேன்:
என்னை எதற்காகப் படைத்தாய்?
நாளொன்றுக்கு இருநூறு திரி.
கணக்குப் போட்டால்
கடவுளுக்கே சலித்திருக்கும்.

அவர் வாய் திறக்கவில்லை.
மூன்றாம் ஆண்டு நோன்பின் நடுவில்
அவரைக் குழம்பு அடிபிடித்த ஒரு காலையில்
கறுப்பு அங்கியை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு
மலையிறங்கினேன்.
வாயிலில் நாய் மட்டும் வாலாட்டியது.
வருகிறவனா போகிறவனா என்று
வாலுக்குத் தெரியாது.

பெட்ரோல் பங்க் சுவரில் ஒட்டியிருந்தது:
ஜ்வாரி கணவாயில் பனி வார ஓட்டுநர் தேவை.
இரவு வேலை. வண்டியில் ஹீட்டர் உண்டு.
உள்ளதைச் சொல்கிறேன்,
ஹீட்டருக்காகத்தான் சேர்ந்தேன்.

தங்கை நதேலா இதை நம்புவதில்லை.
திபிலிசியிலிருந்து போனில் அழுவாள்:
"மல்காஸ், சிலுவையை விட்டுவிட்டு
மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டாயே!"
மண்வெட்டி இல்லையம்மா,
நாலு மீட்டர் இரும்பு அலகு.
அப்புறம், ஜ்வாரி என்றாலே சிலுவைதானே,
எங்கே விட்டேன் நான்?

கோபியில்
எல்லை திறக்கக் காத்திருக்கும் லாரிகள்
வரிசையாய் உறங்கும்.
ஆர்மீனிய ஓட்டுநர்கள் டயரின் மறைவில்
அடுப்பு மூட்டிக் காபி பொங்கவிடுவார்கள்.
நான் மேலே போவேன், கீழே வருவேன்.
வாரிய பாதை
திரும்பி வருவதற்குள் மூடிக்கொள்ளும்.
முதல் மாதம் அது எனக்கு அவமானமாக இருந்தது.
செய்த வேலை
விடிந்து பார்க்கக்கூட மிஞ்சாது.
மடத்துத் திரியாவது
ஒரு பூசைவரை எரியும்.

கண்ணாடியில் தொங்குகிறது
அந்த நூறு முடிச்சு ஜெபக்கயிறு.
கழற்றவும் மனமில்லை,
எண்ணவும் மனமில்லை.
வண்டி எவ்வளவு சாய்கிறது என்பதை
இப்போது அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.

பிப்ரவரியில் ஓர் இரவு
வயர்லெஸ் கரகரத்தது:
ஸ்டெபான்ட்ஸ்மிந்தாவிலிருந்து ஆம்புலன்ஸ்,
கணவாய் மூடிக் கிடக்கிறது,
முன்னால் போக முடியுமா?
உள்ளே யார், என்ன ஆயிற்று என்று
அவர்கள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

கண்ணாடிக்கு வெளியே வெள்ளை.
வெள்ளைக்கு வெளியே பள்ளம்.
பின்னால் ஒரு நீல விளக்கு
வரும், போகும்.
மறைந்தால் என் கால் பிரேக்கைத் தேடும்.
தெரிந்தால் அலகை இறக்குவேன்.
இவ்வளவுதான் அந்த இரவின் இறையியல்.
ஒரு குகைப்பாதை வாயிலில் குதித்து
அலகில் இறுகிய பனிக்கட்டியைக்
கையாலேயே உடைத்தெறிந்தேன்.
இடக்கை உறை அங்கேதான் போயிருக்க வேண்டும்.

குடௌரியில் சாலை தெளிந்தது.
அந்த வண்டி என்னைத் தாண்டிப் போயிற்று.
ஒரே ஒரு ஹாரன்.

திரும்பினேன்.
நாங்கள் வந்த வழி அங்கே இல்லை.
அதற்குள் வானம் அதை நிரப்பியிருந்தது.
எனக்குச் சிரிப்பு வந்தது,
மூன்று வருடம் மடத்தில் வராத சிரிப்பு,
தனியாக, சத்தமாக,
வயர்லெஸ் அணைக்காததால்
கோபிக்காரர்கள் எல்லோரும் கேட்கும்படி.

கையுறையைத் தேடியபோதுதான் கவனித்தேன்:
கேள்வியையும் காணோம்.
எந்த வளைவில் விழுந்ததோ!
பதில் கிடைத்ததா என்று நதேலா கேட்டால்
இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.
எனக்குப் பின்னால் யாரோ வந்தார்கள்,
அந்த நேரம்
நான் என்னைப் பற்றி நினைக்கவே இல்லை,
அதற்குப் பெயர் பதிலா என்று
படித்தவர்கள் சொல்லட்டும்.

சித்திரை வெயிலில் பனி உருகும்போது
இரண்டும் சாலையோரம் எங்காவது கிடக்கும்.
ஆடு மேய்க்கிறவர்கள் எடுத்து
வேலிக் கம்பியில் மாட்டி வைப்பார்கள்.
கையுறையை மட்டும்
போய் வாங்கிக்கொள்வேன்.

மணி மூன்றரை.
மறுபடி பொழிகிறது.
வெறுங்கையை ஒரு நிமிடம் காற்றுவாயில் காட்டிவிட்டு
கியர் போடுகிறேன்.
ஹீட்டர் நன்றாகவே வேலை செய்கிறது.