விலாசம் என்னும் கட்டம்

வல்பரைசோ நகராட்சியில்
மூன்றாம் சன்னல் என்னுடையது.
குப்பை, தெருவிளக்கு, அபராதம்.
பிறப்பும் இறப்பும் மாடியில்.

செவ்வாய்தோறும் சுனில்டா ஓர்மேனோ வருவாள்.
குன்றின் படியெல்லாம் இறங்கி,
ஒரு கையில் ரொட்டிப் பொட்டலம்,
மறு கையில் போன வாரத்து மனு.
வரிசைச் சீட்டை நீட்டும்போது
அவள் மூச்சு இன்னும் பின்னால்
எங்கோ பாதிப் படியில் வந்துகொண்டிருக்கும்.

விஞ்ச் நின்று ஒன்பது வருஷம்.
பெட்டி நடுவழியில் தொங்குகிறது,
அதில் புறாக்கள் குடித்தனம் நடத்துகின்றன.
பழுது பார்க்கப் பணம் வந்தது என்கிறது ஒரு கோப்பு.
வரவில்லை என்கிறது இன்னொன்று.
இரண்டிலும் ஒரே கையெழுத்து.

"குப்பை லாரி ஏன் வரலை?"
உங்கள் படிக்கட்டு பட்டியலில் இல்லை, செனோரா.
"தீயணைப்புக் குழாய்?"
பட்டியலில் இல்லை.
"போன ஜனவரியில தீ மட்டும் எங்களைக் கண்டுபிடிச்சு வந்துதே,
அதுக்கு எந்தப் பட்டியலைக் கொடுத்தீங்க?"
நான் ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றினேன்.
அதற்குத் தெரிந்த ஒரே சொல்: பெறப்பட்டது.

கீழே துறைமுகத்தில் கிரேன்கள்
கண்டெய்னர் அடுக்கிக்கொண்டிருந்தன.
"சீனாவிலிருந்து வர்ற செருப்புக்குக்கூட
போய்ச் சேர ஒரு விலாசம் இருக்கு" என்றாள்.
சிரித்துவிட்டேன்.
சிரித்திருக்கக் கூடாது.

ஆகஸ்டில் மழை.
வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு
நொல்பெர்த்தோவை நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள்.
தூக்கிய பையன்களில் ஒருவன் இருட்டில் படி தவறினான்.
யாரும் சாகவில்லை.
ஆகவே கோப்பு திறக்கப்படவில்லை.

மறுவாரம் படிகளுக்கு வண்ணம் அடித்தார்கள்.
யாரோ படகுக்கு வாங்கி மிஞ்சிய மஞ்சள்.
விளிம்புக்கு ஒரு பட்டை, படிக்கு ஓர் எண்,
ஒன்றிலிருந்து நூற்றுத் தொண்ணூற்றேழு வரை.
அன்றிரவே ஆம்புலன்ஸ்காரனுக்குச் சொல்ல முடிந்தது:
"நூத்தி இருபதுக்கு வாங்க. இடப்பக்கம். நீலக் கதவு."

இன்ஸ்பெக்டர் அரவேனா ஏறிப் பார்த்தார்,
ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக,
முப்பத்திரண்டாம் படி வரை.
பொதுச்சொத்தின் மீது அனுமதியற்ற வண்ணப்பூச்சு.
அபராதம்.
தட்டச்சு செய்வது என் வேலை.

திரையில் சிவப்பாக மின்னியது விலாசம் என்னும் கட்டம்.
காலியாக விட்டால் நோட்டீஸ் அச்சாகாது.
குற்றம் நடந்த தெரு எது?
பட்டியலில் இல்லை.
மணி நாலே முக்கால்.
அரவேனா கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார்.
"ஏதாவது போடும்மா."

போட்டேன்.
'புதிய தெரு சேர்க்க' என்று ஒரு பொத்தான் உண்டு.
பத்தொன்பது வருஷத்தில் நான் தொட்டதில்லை.
மஞ்சள் படிக்கட்டு, எண் 1 முதல் 197 வரை.
ஒப்புதல் கையெழுத்தை அவர்
நின்றபடியே போட்டார், படிக்காமல்,
ஒரு கை கோட்டுக்குள் போக வழி தேட.

செவ்வாய் சுனில்டா வந்தாள்.
நோட்டீஸைக் கண்ணாடித் தாளுக்குள் வைத்திருந்தாள்,
கல்யாணப் படம்போல.
"தவணை வேண்டாம். முழுசாக் கட்டுறேன்.
ரசீதுலயும் இந்த விலாசம் வரணும்,
ஒரு எழுத்து விடாம."
இருபத்து மூன்று வீட்டுச் சில்லறை.
எண்ணினோம், அவள் ஒரு முறை, நான் ஒரு முறை.
ஒரு நாணயத்தில் மஞ்சள் காய்ந்திருந்தது.

அதன்பின் பையிலிருந்து மனுக்களை எடுத்தாள்.
லாரி. குழாய். விளக்கு. விஞ்ச்.
ஒவ்வொன்றின் நெற்றியிலும்
நான் வைத்த பெயர்.

லாரி வந்ததா என்று கேட்காதீர்கள்.
லாரி படியேறாது, அது நாலாம் சன்னல் விவகாரம்.
நேற்று வேலை முடிந்து
நானே ஏறிப் போனேன், எண்ணிக்கொண்டு.
நூற்றுப் பன்னிரண்டு இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது.
ஆக, மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
ஒரு படி இன்னும் எங்கள் பட்டியலில் இல்லை.
அதில்தான் உட்கார்ந்து
மூச்சு வாங்கினேன்.