எட்டு முத்திரை, ஒரு புள்ளி

மசேரு பாலத்தில் ஒன்று,
பாலத்தின் மறுமுனையில் இன்னொன்று,
ராமட்லபாமாவில் இரண்டு.
போக நான்கு முத்திரை, வர நான்கு.
எங்கள் நாட்டைச் சுற்றி நாலாபுறமும் வேறொரு நாடு.
எந்தப் பக்கம் கால் வைத்தாலும்
வெளியூர் ஆட்டம்தான்.

ஜிப் தைக்கும் வரிசையில்
பதினோராவது மெஷின் என்னுடையது.
சூப்பர்வைசரிடம் வயிற்றுவலி என்றேன்.
லிமாகாட்ஸோ பல்வலி என்றாள்.
மொகெதியின் மினிபஸ் லேடிபிராண்டைத் தாண்டுமுன்
வயிறும் பல்லும் குணமாகிவிட்டன.

எங்கள் அணிக்கு முதலைகள் என்று பெயர்.
மலையில் பனி உண்டு, ஆடு உண்டு,
முதலையைத்தான் யாரும் பார்த்ததில்லை.
அவர்கள் வரிக்குதிரைகள்.
அவர்கள் திட்டுவது எங்களுக்குப் புரியும்,
நாங்கள் திட்டுவது அவர்களுக்கும்;
அத்தனை பக்கத்துப் பாஷை.
கேபரோன் வெயிலில்
கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்த எங்களைப் பார்த்து
"அடுப்பும் கொண்டுவந்தீர்களா?" என்றான் ஒருவன்.
சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இருபத்தேழாவது நிமிஷம்
நான் கழிப்பறை வரிசையில் நின்றேன்.
முன்னால் நான்கு பேர், எல்லாரும் உள்ளூர்ப் பெண்கள்.
சுவருக்கு அப்பால் ஒரு சத்தம்.
சின்னச் சத்தம்.
அவர்கள் கோலாக இருந்தால்
சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும்.
இது நாற்பது தொண்டை,
ஒரு தகர ஊதல்.
நால்வரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.
"நீ முதலில் போ" என்றாள் ஒருத்தி,
துக்க வீட்டில் வழிவிடுவதுபோல.

ஓடி வந்தபோது
மொலெஃபி எழுந்து சட்டைப் புல்லைத் தட்டிக்கொண்டிருந்தான்.
அந்தப் புல்தான் நான் பார்த்தது.

அப்புறம் ஒரு மணி நேரம்
பத்துப் பேரும் பெட்டிக்குள்,
அடைமழைக்கு ஒதுங்கியவர்கள்போல.
யாரும் வெளியே கால் நீட்டவில்லை.
எண்பத்தாறில் பந்து யார் முதுகிலோ பட்டு
உருண்டு, தயங்கி,
கோட்டைத் தாண்டியது.
கோல்கீப்பர் வலையிலிருந்து அதை எடுத்து
தன் சட்டையில் துடைத்துத்தான் கொடுத்தான்.
ஏன் துடைத்தான் என்று
இப்போதும் யோசிக்கிறேன்.

ஒன்றுக்கு ஒன்று.
முதலை தண்ணீருக்குள் இழுக்கவில்லை,
குதிரை உதைக்கவில்லை,
இரண்டும் ஒரே கரையில் நின்று
மூச்சு வாங்கின.

பஸ் இரண்டாகப் பிரிந்தது.
முன்சீட்டுக்காரர்களுக்கு லாபம்,
பின்சீட்டுக்காரர்களுக்கு நஷ்டம்.
"அங்கே போய்த் தோற்காமல் வந்ததே பெரிசு."
"கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு வந்தோம், இதில் என்ன பெரிசு?"
மொகெதி எதுவும் சொல்லாமல்
டீசல் காசு கேட்டார்.
லிமாகாட்ஸோ பனி படிந்த கண்ணாடியில்
விரலால் ஒரு புள்ளி வைத்தாள்.
"மூன்று வைத்திருந்தால்
இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.
ஒன்று வைத்தால், முடிந்தது."
சற்று நேரத்தில் புள்ளியிலிருந்து
ஒரு துளி இறங்கி
கோடாக நீண்டது. அவள் தூங்கிவிட்டாள்.

என் கணக்கு வேறு.
என் கண்ணில் விழுந்த ஒரே கோல் அவர்களுடையது.
கண்ணை நம்பினால் தோற்றேன்,
காதை நம்பினால் டிரா.

மொலெஃபியின் கோல் எப்படி என்று கேட்டேன்.
இடது கால் என்றான் ஒருவன்,
தலை என்றான் இன்னொருவன்,
தோளில் பட்டது, மறைக்காதே என்றது பின்சீட்டு.

விடியற்காலை, மசேரு பாலம், எட்டாவது முத்திரை.
கண்ணாடிக்குப் பின்னால் தூக்கம் வழியும் அதிகாரி
பக்கங்களைப் புரட்டினார், தேதியைப் பார்த்தார்,
குரலைத் தாழ்த்தினார்:
"நேரில் பார்த்தீர்களா?"
பார்த்தேன் என்றேன்.
"எங்கிருந்து அடித்தான்?"
பின்னால் வரிசை நீண்டிருந்தது.
முத்திரை அவர் கையில் அந்தரத்தில் நின்றது.

"இருபது மீட்டர்" என்றேன்.

திங்கட்கிழமை, பதினோராவது மெஷினில்,
அது முப்பதாகியிருந்தது.