மச்சம்

கஜா அடித்த வருஷம் நனைந்த படம்.
நெற்றி இருக்கிறது, ஒரு காதின் தோடு இருக்கிறது,
கன்னம் இரண்டும் தண்ணீரோடு போய்விட்டன.

மச்சம் வலது பக்கம் என்கிறாள் செங்கமலம்,
திருத்துறைப்பூண்டியில் பஸ் ஏறி மன்னார்குடி வந்து
செருப்பைக்கூடக் கழற்றாமல்.
இடது என்கிறாள் தையு, போனில், திருப்பூரிலிருந்து.
தினமும் சடை பின்னிவிடுவாளே,
கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதானே நிற்பேன்.

வோட்டர் கார்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன்:
மச்சமும் இல்லை, அவர்கள் அம்மாவும் இல்லை.

உதட்டின் வெற்றிலைச் சிவப்புக்கு நூல் தேடிக்
கும்பகோணம் வரை போனேன்.
இருபத்திரண்டு நாள்.
கடைசியில் ஒற்றை இழைப் பழுப்பில் ஒரு முடிச்சு,
செங்கமலம் சொன்ன பக்கமே.
காசு தருவது அவள்.

வால் நூல்களை நறுக்க
வளையத்தோடு துணியைத் திருப்பினேன்.
சிக்கும் பிசிறுமாய்
அந்த அம்மாள் அங்கேயும் இருந்தார்,
இடது கன்னத்தில் மச்சத்தோடு.

கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

பாமணியாற்றுப் பாலத்தடி பிரேம் கடைக்குப் போன் போட்டேன்:
பாய், பின்னால் அட்டை அடிக்காதீர்கள்,
இரண்டு பக்கமும் கண்ணாடி.

அறுநூறு கூட ஆகுமாம்.
எவளிடம் கேட்பது?